கில்டான் கப்பலில் நான் இல்லை

1971 இந்திய-பாகிஸ்தான் போரில், டிசம்பர் 4 ராத்திரி, கராச்சித் துறைமுகம் எரிந்துகொண்டிருந்தபோது, நான் கொச்சி வில்லிங்டன் தீவில் ஒரு ஸ்டோர் ரூமுக்குள் உட்கார்ந்து கம்பளி எண்ணிக்கொண்டிருந்தேன். கம்பளி, பெயின்ட் டின், மணிலாக் கயிறு, லைஃப் ஜாக்கெட். இதை இவ்வளவு நேராக எழுத எனக்கு எழுபது வயது தாண்ட வேண்டியிருந்தது. ஏனென்றால் பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் என்னிடம் கணக்கும் ஃபிசிக்ஸும் படித்த பிள்ளைகள் அத்தனை பேரிடமும் நான் வேறு ஒன்று சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு ஐ.என்.எஸ். கில்டான் கப்பலின் மேல்தளத்தில் நின்று, கராச்சி எரிந்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன் என்று.

கதை நன்றாகவே இருக்கும். நன்றாக இருப்பதற்குக் காரணம், அது முக்கால்வாசி உண்மை. நிபாத், நிர்காத், வீர் என்று மூன்று ஏவுகணைப் படகுகள். சோவியத் நாட்டில் வாங்கியவை, கரையோரக் காவலுக்கென்று செய்தவை. அவ்வளவு தூரம் போய்வர எண்ணெய் காணாது என்பதால் வழியில் ஒரு பகுதியைக் கயிறு கட்டி இழுத்தே கடத்தினார்கள். துணைக்குக் கில்டான், கச்சால் என்று இரண்டு கப்பல்கள். ஒட்டுக்கேட்கிறவனைக் குழப்புவதற்காக நம் ஆட்கள் ரேடியோவில் ரஷ்ய மொழியில் பேசிக்கொண்டார்கள். கைபர் என்ற பாகிஸ்தான் நாசகாரிக் கப்பல் மூழ்கியது, முஹாஃபிஸ் என்ற கண்ணிவாரிக் கப்பல் மூழ்கியது, கராச்சியின் கெமாரி எண்ணெய்த் தொட்டிகள் பற்றிக்கொண்டன. போன நம் கப்பல்கள் அத்தனையும் பத்திரமாகத் திரும்பின. டிசம்பர் 4-ஐ இன்றைக்கும் கடற்படை நாளாகக் கொண்டாடுவது அதனால்தான்.

இதில் எல்லாம் நிஜம். பொய் ஒன்றே ஒன்று. நான்.

நான் இந்த ஊர்ப் பிள்ளைதான். பாட்டரி டவுன் பக்கம், ஈஸ்ட் ஸ்டேஷனுக்குப் போகிற ரயில் பாதையை ஒட்டி எங்கள் வீடு. அப்பா சிகரெட் ஃபேக்டரியில் வேலை. கண்டோன்மென்ட் தமிழர்களைத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். பட்டாளத்துக்குப் பின்னால் வந்த குடும்பங்கள். வீட்டில் தமிழ், தெருவில் உருது, கடையில் கன்னடம், பள்ளியில் இங்கிலீஷ். 1968-ல் பையன்களாக எடுக்கும் ஆள்சேர்ப்பில் நேவிக்குப் போனேன். விசாகப்பட்டினம் ஐ.என்.எஸ். சர்க்கார்ஸில் பயிற்சி. கடலையே பார்த்திராத பெங்களூர்க்காரன் என்று அங்கே கேலி செய்தார்கள். பயிற்சி முடிந்ததும் பிரிவு பிரித்தார்கள். பீரங்கி இல்லை, சிக்னல் இல்லை. ஸ்டோர்ஸ் அசிஸ்டென்ட்.

அந்த வேலையை மட்டமாகச் சொல்ல எனக்கு இப்போது மனம் வரவில்லை. ஒரு வாஷர் இல்லாவிட்டால் என்ஜின் நிற்கும். ஒவ்வொரு சாமானுக்கும் ரேக்கில் ஒரு பின் கார்டு தொங்கும். வந்தது, போனது, கையிருப்பு. கார்டில் இருப்பதும் ரேக்கில் இருப்பதும் பொருந்தாவிட்டால் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். நான் சர்வீசில் இருந்த காலம் முழுக்க என் கார்டில் ஒரு போல்ட் கூடக் குறைந்ததில்லை. அந்த ஒழுங்கெல்லாம் வகுப்பறை வாசலோடு நின்றுபோனது எப்படி என்பதைத்தான் நான் சொல்லியாக வேண்டும்.

1984-ல் பென்ஷனோடு வெளியே வந்தேன். சர்வீசில் இருந்தபோதே மதுரைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியாகக் கணிதம் படித்திருந்தேன். கட்டாய ஓய்வு நேரத்தில் படித்த படிப்பு. பாஸ் ஆனேன், அவ்வளவுதான். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார் வேலை கிடைத்தது. பள்ளியின் பெயர் வேண்டாம். தப்பு பள்ளியினுடையது இல்லை.

முதல் வாரம் பிள்ளைகள் என்னைத் தின்றுவிட்டார்கள். எட்டாம் வகுப்பு. பரேடு மைதானத்தில் எடுபட்ட தொண்டை, நாலு சுவருக்குள் எடுபடவில்லை. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் பின்னால் ரயில் ஹார்ன் மாதிரியே ஒருவன் ஊதுவான். திரும்பினால் எல்லா முகமும் குழந்தை இயேசு. கணக்கைச் சொல்லித்தருவது எப்படி என்று எனக்குத் தெரியாது. போட்டுக் காட்டத் தெரியும். போட்டுக் காட்டுவதும் சொல்லித்தருவதும் ஒன்றல்ல என்பதுகூட அப்போது தெரியாது.

அந்த வாரக் கடைசியில் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். “சார், நீங்க நேவியாமே. சண்டையில இருந்தீங்களா?”

நான் ஒரு கணம் யோசித்தேன். சண்டை நடந்தபோது சர்வீசில் இருந்தேனா என்றால் இருந்தேன். “இருந்தேன்” என்றேன். பிறகு கராச்சி. மணி அடிக்கிறவரை ஒரு பிள்ளை அசையவில்லை. ஊதுகிறவன் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். நேவியில் ஒரு ஆபீசருக்குக்கூட அப்படிப்பட்ட அமைதி கிடைத்து நான் பார்த்ததில்லை. அதை ஒரு தரம் ருசி பார்த்த பிறகு நான் விடவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இந்த வட்டாரத்தைத் தெரியாதவர்களுக்கு. அல்சூரில் எம்.இ.ஜி. என்ற ராணுவப் பொறியாளர் படையின் சென்டர் இருப்பதால் இங்கே தெருவுக்கு ஒரு ரிட்டயர்டு சாப்பர் உண்டு. மெட்ராஸ் சாப்பர்களைத் ‘தம்பி’ என்றுதான் ராணுவம் முழுக்கக் கூப்பிடும். ஹவில்தார், சுபேதார் என்றால் பிள்ளைகள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்; ஆளுக்கு ஒரு தாத்தா வீட்டிலேயே இருக்கிறார். நேவி என்றால் அப்படி இல்லை. கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில் நேவிக்காரன் அபூர்வம். சரிபார்க்கவும் ஆள் கிடையாது.

கதை வருஷத்துக்கு வருஷம் வளர்ந்தது. கராச்சி பழகிப்போனதும் குக்ரிக்கு வந்தேன். டிசம்பர் 9 ராத்திரி, டையூ கடற்கரைக்கு அப்பால், ஹாங்கோர் என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கி ஐ.என்.எஸ். குக்ரியை டார்பிடோவால் அடித்தது. சில நிமிஷங்களில் கப்பல் போய்விட்டது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். கேப்டன் மகேந்திர நாத் முல்லா தன் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலோடு போனார். பிழைத்த 67 பேரைக் கச்சால் கப்பல் வந்து தண்ணீரிலிருந்து தூக்கியது.

அந்தத் தூக்கிய கைகளில் ஒரு ஜோடி என்னுடையது என்று சொன்னேன். நாலாம் தேதி கில்டானில் இருந்தவன் ஒன்பதாம் தேதி கச்சாலுக்கு எப்படி வந்தான் என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் டிரான்ஸ்ஃபர் என்றிருப்பேன். எண்ணெய் படிந்த முகங்களை வர்ணித்தேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுத ஒரு கேரளத்துப் பையனைக்கூட உண்டாக்கினேன். செத்துப்போன 194 பேரின் மேல் ஏறி நின்றுகொண்டு எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவை அடக்கினேன் என்பதுதான் இதன் சுருக்கம். இதை எழுதும்போது கை கூசுகிறது. சொன்னபோது கூசவில்லை.

மெடலும் உண்டு. 1972 ஆகஸ்ட் 15 அன்று படையில் இருந்த எல்லாருக்கும் சுதந்திரத்தின் 25-ஆம் ஆண்டு மெடல் கொடுத்தார்கள். சமையல்காரருக்கும் உண்டு, அட்மிரலுக்கும் உண்டு. அதைக் குத்திக்கொண்டு ஒவ்வொரு டிசம்பர் 4-ம் பள்ளி அசெம்பிளியில் நிற்பேன். போர் மெடல் என்று வாயால் சொன்னதில்லை. கேட்டால் சிரிப்பேன். அந்தச் சிரிப்பு போதுமானதாக இருந்தது.

இதுவரை சொன்னது பெருமைக்கு ஆசைப்பட்ட ஒரு மனிதனின் புளுகு. இதற்கு மட்டும் என்றால் பத்திரிகையில் எழுத வேண்டியதில்லை. எங்கள் கோயில் தெருவிலேயே சொல்லித் தீர்த்திருக்கலாம். நான் ஒப்புக்கொள்ள வேண்டியது அதற்கு அடுத்தது.

கதை சொன்ன நேரம் பாட நேரம். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் ஆரம்பித்தது. பிறகு மழை பெய்தால் கதை, கரண்ட் போனால் கதை, கடினமான பாடம் வந்தால் கட்டாயம் கதை. காரணிப்படுத்தலில் ஒரு பிள்ளைக்குப் புரியவில்லை என்றால், இன்னொரு வழியில் சொல்லித்தர எனக்கு இன்னொரு வழி தெரியாது. அந்த இடத்தில் ஒரு வாத்தியாருக்கு வியர்க்க வேண்டும். வியர்த்தால்தான் அடுத்த நாள் யோசித்துக்கொண்டு வருவான். எனக்கு வியர்க்கவில்லை. கப்பல் கைவசம் இருந்தது. தசரா லீவுக்கு முன்னால் முடிய வேண்டிய போர்ஷன் ஜனவரியில் இழுத்துக்கொண்டிருக்கும். பிப்ரவரியில் ‘இம்பார்ட்டன்ட்’ என்று இருபது கணக்கை எழுதிப்போட்டு மனப்பாடம் பண்ணச் சொல்வேன்.

ரிசல்ட் மோசமாக வந்திருந்தால் மாட்டியிருப்பேன். வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும், அன்றைக்கே தெரியும். ரிச்சர்ட்ஸ் பார்க்கைச் சுற்றியுள்ள பெரிய வீட்டுப் பிள்ளைகளும் குக் டவுன் பிள்ளைகளும் சாயங்காலம் டியூஷன் போனார்கள். நான் விட்ட பாடத்தை வேறொருவர் காசு வாங்கிக்கொண்டு நடத்தினார். பாட்டரி டவுன், லிங்கராஜபுரம் பிள்ளைகளுக்கு டியூஷன் கிடையாது. அவர்களுக்கு வகுப்பில் நான் சொல்வது மட்டும்தான் கணக்கு. என் கதையை எல்லாப் பிள்ளைகளும் கேட்டார்கள். அதற்கான விலையைக் கொடுத்தது என் மாதிரி வீட்டுப் பிள்ளைகள் மட்டும். சிகரெட் ஃபேக்டரிக்காரர் மகனுக்கு இது தெரியாமல் இருக்க முடியுமா?

அப்படி ஒரு பெண் இருந்தாள். எங்கள் சந்திலேயே, மூன்று வீடு தள்ளி. தாத்தா எம்.இ.ஜி. சுபேதார். 71-ல் பசந்தர் ஆற்றுப் பக்கம் கண்ணிவெடி வயலில் டாங்குகளுக்கு வழி திறந்த சாப்பர்களில் ஒருவர். அதைப் பற்றி அவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை. அவர் மனைவி என் மனைவியிடம் சொல்லித்தான் தெரியும். நான் ஊருக்குத் திரும்பிய புதிதில் அவர் ஒரு தரம் கேட்டார்: “எந்தக் கப்பல் தம்பி?” “கப்பல் இல்லைங்கய்யா, கொச்சியில ஸ்டோர்ஸ்” என்றேன். அவரிடம் பொய் சொல்லத் தோன்றவே இல்லை. ஆக, நான் சொல்வது பொய் என்பதை மறந்துபோய்ச் சொன்னேன் என்ற சமாதானமும் எனக்குக் கிடையாது. சந்தில் ஒரு ஆள், பள்ளியில் ஒரு ஆள். நடுவில் பத்து நிமிஷ நடை.

அந்தப் பெண் ஒன்பதாவதில் என்னிடம் வந்தாள். குக்ரி கதை சொல்லி முடித்த ஒரு நாள் கை தூக்கினாள். எழுந்து நின்று, யோசித்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். “சார், சத்தம் காத்துல போறதைவிடத் தண்ணியில வேகமாப் போகும்னு போன வாரம் சொன்னீங்க. குக்ரியில சோனார் இருந்துச்சுன்னும் சொன்னீங்க. அப்ப ஹாங்கோர் பக்கத்துல இருந்தது ஏன் சார் கேக்கல?”

ஒன்பதாம் வகுப்பில் கேட்கக்கூடிய கேள்விகளிலேயே இதைவிட நல்ல கேள்வியை நான் பிறகு கேட்டதில்லை. எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லலாம். நாளைக்குப் பார்த்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லலாம். ஆனால் கச்சாலில் நின்றவனுக்குத் தெரியாமல் இருக்குமா? “சண்டையில இதெல்லாம் யோசிக்க நேரம் இருக்காதும்மா. உக்காரு” என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் உட்கார்ந்தாள். அந்த வருஷம் அவள் மறுபடி கை தூக்கவில்லை.

பதில் கஷ்டமானதே இல்லை. ரிட்டயர் ஆன பிறகு, வைஸ் அட்மிரல் ஹிரானந்தானி எழுதிய கடற்படை வரலாற்றைத் தேடிப் பிடித்துப் படித்தேன். அங்கிருந்து வேறு புத்தகங்கள். கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் ஓடும். காற்றில் 340 போல. ஆனால் நேர்கோட்டில் ஓடாது. மேலே சூடான நீர், கீழே குளிர்ந்த நீர். சூட்டில் ஒலிக்கு வேகம் கூட, குளிரில் குறைவு. அதனால் ஒலி குளிர்ந்த பக்கமாகக் கீழே வளைந்துவிடும். அது வளைந்து போனபின் ஒலி எட்டாத ஒரு நிழல் மிஞ்சும். நீர்மூழ்கிக்காரன் அந்த நிழலைத் தேடித்தான் இறங்குவான். ஹாங்கோர் பிரான்சில் கட்டிய டாஃப்னே வகை. தூரத்தில் வருகிற கப்பலின் சத்தத்தைச் சும்மா இருந்தபடியே கேட்கக்கூடியது. தண்ணீருக்குள் ஒலியை அனுப்பித் தேடும் குக்ரியின் சோனாருக்கு அவ்வளவு தூரம் எட்டாது. எட்டும் தூரத்தைக் கூட்ட ஒரு சோதனைக் கருவியைக் குக்ரியில் பொருத்தியிருந்தார்கள். அது வேலை செய்யக் கப்பல் மெதுவாகப் போக வேண்டியிருந்தது. மெதுவாகப் போன கப்பல் டார்பிடோவுக்குத் தோதாகிவிட்டது.

தண்ணீர் டம்ளரில் பென்சிலைப் போட்டால் ஒடிந்த மாதிரி தெரிகிற பாடம் பள்ளிப் புத்தகத்திலேயே இருந்தது. ஒளி வளைவதை அதில் காட்டி, ஒலியும் இப்படித்தானம்மா என்று பத்து நிமிஷத்தில் முடித்திருக்கலாம். ஜன்னலுக்கு வெளியே ஈஸ்ட் ஸ்டேஷன் ரயில் வேறு, வரும்போது ஒரு சுருதியிலும் போகும்போது ஒரு சுருதியிலும் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒலியைப் பற்றி நடத்த அதைவிட வாகான வகுப்பறை பெங்களூரில் கிடையாது. அந்த ரயில் வந்தால் நான் கராச்சியை நிறுத்துவேன். போனதும் தொடர்வேன்.

கொஞ்ச நாள் கழித்துச் சுபேதார் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் போகும்போது கூப்பிட்டு மோடா போட்டார். காபி வந்தது. “பாப்பா சொன்னா, கராச்சி சண்டையில நீங்க இருந்தீங்களாமே” என்றார். நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மீசையைத் துடைத்துக்கொண்டு, “அவளுக்குக் கணக்கு வரமாட்டேங்குது தம்பி. அல்ஜீப்ரா. அதைக் கொஞ்சம் பாத்துக்குங்க” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகும் அவர் இருந்தவரை என்னைப் பார்த்தால் சல்யூட் வைப்பதை நிறுத்தவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

நான் பார்த்துக்கொண்டேனா? இல்லை. வெட்கப்பட்டுக்கொண்டு அந்தச் சந்தில் போவதை நிறுத்தினேன். சுற்றுவழியாக வீட்டுக்குப் போனேன். என்னைக் கேட்டால், பொய்யைவிடப் பெரிய குற்றம் இதுதான். ஒருவர் என்னைக் காட்டிக்கொடுக்காமல், அவமானப்படுத்தாமல், நான் செய்ய வேண்டிய வேலை எது என்று விரல் நீட்டிக் காட்டினார். நான் விரலைப் பார்த்துப் பயந்து ஓடினேன். அவள் எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறினாள். பி.யு.சி.யில் சயின்ஸ் கேட்டாள், மார்க் போதவில்லை. ஆர்ட்ஸ் எடுத்தாள். ஆர்ட்ஸ் ஒன்றும் குறைந்த படிப்பில்லை. ஆனால் அவள் கேட்டது அது இல்லை.

கொச்சியில் அந்த டிசம்பரில் நான் நிஜமாகச் செய்த வேலை ஒன்று உண்டு. அதை எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. கப்பலுக்குப் போகிற லைஃப் ஜாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். நாடா அறுந்திருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா, விசில் ஊதுகிறதா. ராத்திரி முழுக்க விசில் ஊதி ஊதி உதடு மரத்துப்போகும். ஊதாத விசிலைத் தனியாகப் போட்டுக் கார்டில் கழிக்க வேண்டும். குக்ரி செய்தி வந்த மறுநாள் எங்கள் பெட்டி ஆபீசர், முந்தின நாள் பார்த்து முடித்த குவியலை மறுபடி முதலிலிருந்து பார்க்கச் சொன்னார். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இது கராச்சி அளவுக்குப் பிடித்திருக்குமா என்று கேட்டால், பிடித்திருக்காது. அதனால்தான் சொல்லவில்லை. ஆனால் அதைச் சொல்லியிருந்தால், அது முடிந்த கையோடு நான் கணக்குக்குத் திரும்ப வேண்டியிருந்திருக்கும். இரண்டும் ஒரே குணத்தைக் கேட்கிற வேலை.

போன வருஷம் பழைய மாணவர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் எல்லாவற்றையும் எழுதிப் போட்டேன். சிலர் கைகூப்பி எமோஜி போட்டார்கள். அதற்கு என்ன அர்த்தமோ. ஒருவன், “சார், நான் உங்களால்தான் மெர்ச்சன்ட் நேவிக்குப் போனேன், தயவுசெய்து இப்படிச் சொல்லாதீர்கள்” என்று எழுதினான். அவனுக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் இன்னும் எழுதவில்லை.

சுபேதார் பேத்தி போன் பண்ணினாள். இப்போது இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை, பையன் எட்டாவது படிக்கிறான். “எங்களுக்கு அப்பவே தெரியும் சார்” என்றாள். “தாத்தா பாட்டிகிட்ட சொல்லிட்டிருந்தாரு, நான் கேட்டுட்டேன். கிளாஸ்ல பாதிப் பேருக்குச் சொல்லிட்டேன்.”

“அப்புறம் ஏம்மா ஒருத்தரும் கேக்கல?”

“கேட்டா நீங்க கணக்கு ஆரம்பிச்சிருப்பீங்களே சார்” என்று சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, “ஆனா ஒண்ணு சார். என் பையன் அல்ஜீப்ரா கேட்டான்னா இன்னும் எனக்குச் சொல்லித்தரத் தெரியல” என்றாள். கோபம் இல்லாமல்தான் சொன்னாள். சோனார் விஷயத்தை நான் விளக்க ஆரம்பித்தேன். பஸ் வந்துவிட்டது, பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

பிள்ளைகளும் கூட்டாளிகள்தான் என்று சொல்லித் தப்பிக்க ஒரு வழி இருப்பது தெரிகிறது. எடுத்துக்கொள்ள மாட்டேன். கணக்கு வேண்டாம் என்று நினைக்க அவர்களுக்கு வயது இருந்தது. சம்பளம் வாங்கினவன் நான்.

பள்ளியிலிருந்து வழக்கம்போல டிசம்பர் 4 அசெம்பிளிக்குக் கூப்பிட்டார்கள். வருகிறேன், ஆனால் இந்த முறை ஸ்டோர்ஸைப் பற்றியும் லைஃப் ஜாக்கெட் விசிலைப் பற்றியும் பேசுகிறேன், முன்னால் சொன்னது எதுவும் நான் பார்த்ததில்லை என்றும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும் என்றேன். போனில் பேசிய டீச்சர் சின்னப் பெண். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிரின்சிபாலைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இரண்டு நாள் கழித்து மெசேஜ் வந்தது. இந்த வருஷம் ஏர் ஃபோர்ஸ்காரர் ஒருவரைக் கூப்பிட்டிருக்கிறார்களாம்.